ஆப்பிளுக்குக் கிடைக்கவில்லை, சாம்சங்கால் முடியவில்லை

தமிழ்த்துறை ஆசிரியர் அறையில் மதிய உணவு வேளையில் சங்க இலக்கியம் பேசுவார்கள் என்று வெளியில் இருப்போர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேசுவது பெரும்பாலும் கைபேசியைப் பற்றி. எங்கள் அறையில் இரண்டு கட்சிகள். ஒருவர் ஐஃபோன்காரர், மற்றவர் சாம்சங்காரர். யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்காடியவர்களின் கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்த வழக்காளிகளுக்குக் கூட இவ்வளவு தீவிரம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

சாம்சங்காரரின் நிரந்தரக் குறை இது: “சார், பத்திரிகை எல்லாம் ஆப்பிள் பக்கம்தான். அவனுக்கு சிப் வரலைன்னா அனுதாபம். எங்களுக்கு வரலைன்னா கேலி.” ஐஃபோன்காரர் உடனே எதிர்ப்பார்: “பேட்டரி விஷயத்துல அவனை எவ்வளவு கிழிச்சாங்க, மறந்துட்டீங்களா சார்?” இருவரிடமும் சான்றுகள் உண்டு. இருவரும் பொய் சொல்லவில்லை. நெடுநாள் இதைக் கேட்டுக் கேட்டு, இலக்கணம் கற்பித்துப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த வழக்கைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடம் விடுவதைக் காட்டிலும், வேற்றுமை உருபு தெரிந்தவர்களிடம் விடுவது நல்லது. (சிப் என்பதற்குச் ‘செயலி’ என்ற நல்ல சொல் இருந்தது. அதை ‘ஆப்’ எடுத்துக்கொண்டுவிட்டதால், இக்கட்டுரையில் சில்லு என்றே எழுதுகிறேன்.)

சில்லுத் தட்டுப்பாடு என்ற ஒரே நிகழ்ச்சியைத் தமிழில் இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘இன்னாருக்குச் சில்லு கிடைக்கவில்லை’ என்பது ஒன்று. ‘இன்னாரால் உற்பத்தி செய்ய முடியவில்லை’ என்பது மற்றொன்று. முன்னது நான்காம் வேற்றுமை. கொடை முதலிய பொருள்களில் வருவது. அங்கே நிற்பவன் பெறுபவன். பெற வேண்டியதைப் பெறாதபோது அவன் இரங்கத்தக்கவன். பின்னது மூன்றாம் வேற்றுமை. கருவி, கருத்தாப் பொருள்களில் வருவது. அங்கே நிற்பவன் செய்பவன். செய்ய வேண்டியதைச் செய்யாதபோது அவன் குற்றவாளி. ஆங்கிலச் செய்தியில் வேற்றுமை உருபு ஏது என்று கேட்கலாம். உருபு இல்லை, வேற்றுமைப் பொருள் உண்டு. எவரை எழுவாயாக்குவது, எவரை வாக்கியத்தின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பது என்பது எந்த மொழியிலும் எழுதுகிறவன் எடுக்கும் முடிவுதான்.

2021-ஐ எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் குறைகடத்தித் தட்டுப்பாடு. அவ்வாண்டு மார்ச் மாதப் பங்குதாரர் கூட்டத்தில், சாம்சங்கின் கைபேசிப் பிரிவுத் தலைவர் கோ டோங்-ஜின், சில்லுகளின் தேவைக்கும் வரத்துக்கும் இடையே கடுமையான ஏற்றத்தாழ்வு நிலவுவதாகச் சொன்னார். அவ்வாண்டு நோட் வரிசைக் கைபேசி வராமல் போகலாம் என்றும் குறிப்பால் உணர்த்தினார். வரவும் இல்லை. எஸ்21 எஃப்இ என்ற கைபேசியும் தாமதப்பட்டு 2022 சனவரியில்தான் வெளிவந்தது. அதே 2021-இன் அக்டோபரில் ஆப்பிளின் டிம் குக், சூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வரத்துக் குறைவினால் ஏறத்தாழ 600 கோடி டாலர் விற்பனை கைநழுவியது என்றார். சில்லுத் தட்டுப்பாடும் தென்கிழக்கு ஆசியாவில் பெருந்தொற்றினால் ஏற்பட்ட உற்பத்தித் தடையும் காரணங்கள் என்று விளக்கினார்.

இவ்விரு செய்திகளையும் அந்நாளில் நான் தொடர்ந்து வாசித்தவன். என் மனத்தில் தங்கிய சித்திரம் இது. சாம்சங் தள்ளிவைத்தது, கைவிட்டது, தடுமாறியது. ஆப்பிளையோ தட்டுப்பாடு தாக்கியது. புயலடித்து விளைந்த கதிர் சாய்ந்துபோன உழவனைப் போல. விதிவிலக்காக எழுதியவர்களும் உண்டு. பொதுவான ஓசை இதுதான்.

சாம்சங்கை அப்படிச் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சொந்தமாகச் சில்லு வார்க்கும் ஆலைகளை வைத்திருக்கும் நிறுவனம் அது. வீட்டில் கிணறு வைத்திருப்பவன் தண்ணீர் இல்லை என்றால் ஊர் கேள்வி கேட்கத்தான் செய்யும். அவ்வாண்டு எஸ்21 வரிசையில் சில நாடுகளில் பொருத்தப்பட்ட ஸ்னாப்டிராகன் 888, குவால்காம் வடிவமைத்ததாயினும், சாம்சங்கின் ஆலையிலேயே வார்க்கப்பட்டது. பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் வீசிய பனிப்புயலில் மின்சாரம் நின்றபோது ஆஸ்டின் நகரிலுள்ள சாம்சங் ஆலையும் நின்றது. ஆக, கேள்வி சரி. ஆனால் அதே கேள்வி ஏன் அடுத்த வீட்டு வாசலில் கேட்கப்படவில்லை? ஆப்பிளுக்குச் சொந்த ஆலை இல்லை. தைவானின் டிஎஸ்எம்சிக்கு அப்போது மிகப் பெரிய வாடிக்கையாளராக இருந்தது அது. புதிய உற்பத்தி முறை ஒன்று தொடங்கினால் பந்தியில் முதல் இலை பெரும்பாலும் அதற்குத்தான் போடப்படும். பந்தியில் முதலில் உட்கார்ந்து உண்டவரைப் பற்றி, பாயசம் இரண்டாம் முறை வரவில்லை என்று இரங்கி எழுதுவதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

இந்த உருபு மயக்கத்தின் மிகத் தெளிவான சான்று 2015-இல் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐஃபோன் 6எஸ் வந்தது. அதிலிருந்த ஏ9 சில்லை ஆப்பிள் இரண்டு ஆலைகளில் வார்க்கச் செய்திருந்தது. ஒன்று சாம்சங், 14 நானோமீட்டர் முறை. மற்றொன்று டிஎஸ்எம்சி, 16 நானோமீட்டர் முறை. சிப்வொர்க்ஸ் நிறுவனம் கைபேசியைப் பிரித்து அளந்து பார்த்தபோது முன்னது 96 சதுர மில்லிமீட்டர், பின்னது 104.5 சதுர மில்லிமீட்டர். பெட்டியின் மேல் எது உள்ளே இருக்கிறது என்ற குறிப்பு இல்லை. வாங்குபவனுக்குத் தேர்வும் இல்லை. சில பயனர்கள் கீக்பெஞ்ச் சோதனையை ஓட்டிப் பார்த்து, சாம்சங் வார்த்த சில்லுள்ள கைபேசியில் மின்கலம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே தீர்ந்துவிடுவதாகப் பதிவிட்டார்கள். அந்தச் சோதனை சில்லை ஓயாமல் உழைக்கவைப்பது. அன்றாடப் பயன்பாடு அப்படியன்று. நடைமுறையில் வேறுபாடு இரண்டு மூன்று விழுக்காடுதான் என்று ஆப்பிள் அக்டோபரில் விளக்கம் கொடுத்தது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தனியாகச் செய்த சோதனையும் பெரிய வேறுபாடு இல்லை என்றே காட்டியது. அந்த அளவில் ஆப்பிள் சொன்னது சரி.

என் அக்கறை அளவில் இல்லை, பெயரில் இருக்கிறது. கைபேசி வேகமாக ஓடியபோது அதன் பெயர் ‘ஆப்பிள் சில்லு’. வடிவமைத்தவன் பெயரே வந்தது; வார்த்தவன் பெயர் வரவில்லை. மின்கலம் சீக்கிரம் தீர்ந்ததாகப் பேச்சு எழுந்த மறுகணம் அதே பொருளுக்கு ‘சாம்சங் சில்லு’ என்று பெயர் மாறியது. பிள்ளை பரிசு வாங்கினால் என் பிள்ளை, மதிப்பெண் குறைந்தால் உன் பிள்ளை என்று கணவன் மனைவியிடம் சொல்வானே, அது போல. இரண்டு ஆலைகளுக்கு ஆணை கொடுத்ததும், இரண்டையும் ஒரே பெயரில் ஒரே விலைக்கு விற்றதும் ஆப்பிளின் முடிவுகள். தலைப்புகளின் எழுவாயில் அந்த முடிவுக்கு இடம் கிடைக்கவில்லை.

சாம்சங்காரர் இந்த இடத்தில் மேசையைத் தட்டுவார் என்று தெரியும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஒரே நாளில் இரண்டு நிறுவனங்களுக்கும் தண்டம் விதித்தது. மென்பொருள் மேம்படுத்தல்களால் பழைய கைபேசிகள் மந்தமாயின என்பது குற்றச்சாட்டு. ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ. சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோ. கைபேசியை மெதுவாக்கிய நிறுவனம் எது என்று இன்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். எவரும் இரண்டாவது பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏனெனில் 2017 திசம்பரில் ஆப்பிள் தானே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்ட கதை ஏற்கெனவே ஊடகங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கதையில் வில்லன் வேடம் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டாயிற்று. இன்னொருவர் அதே குற்றத்தோடு மேடையேறினால் நாடகம் குழம்பும்.

ஆகவே ஊடகம் ஆப்பிளிடம் விலைபோய்விட்டது என்ற சாம்சங்காரரின் கூற்றையும், ஆப்பிளைத்தான் எல்லோரும் அடிக்கிறார்கள் என்ற ஐஃபோன்காரரின் கூற்றையும் நான் ஒருசேர மறுக்கிறேன். கூத்தில் கட்டியங்காரன் வந்தவுடனே இவன் சிரிக்கவைப்பான் என்று நமக்குத் தெரிந்துவிடுவதைப் போல, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பாத்திரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் மேதை, சறுக்கினால் அது பெருந்துயரம், அல்லது பெரும் துரோகம். மற்றவர் உழைப்பாளி, சற்றே அசடு, சறுக்கினால் எதிர்பார்த்ததுதான். செய்தி வருமுன்பே பாத்திரம் தயார். சோம்பலால் எழுதுகிறவனுக்கு இது பெரிய வசதி.

இதனால் யாருக்கு என்ன நட்டம்? இரண்டு நிறுவனங்களும் பேரரசுகள். அவற்றின் மானத்தைக் காப்பது நம் வேலையன்று. நட்டம் வாங்குபவனுக்கு. அதிலும் குறிப்பாக நம் நாட்டில் வாங்குபவனுக்கு.

2020 பிப்ரவரியில் சாம்சங் எஸ்20 வரிசையை அறிவித்தது. இந்தியாவில் எஸ்20-இன் விலை 66,999 ரூபாய்; எஸ்20 அல்ட்ரா 92,999 ரூபாய். அமெரிக்காவுக்குச் சென்ற கைபேசியில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 865. இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் வந்ததில் சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ் 990. பெயர் ஒன்று, உருவம் ஒன்று, விளம்பரம் ஒன்று. உள்ளிருக்கும் மூளை வேறு. வேடிக்கை என்னவென்றால், சாம்சங்கின் தாயகமான தென்கொரியாவில் விற்ற எஸ்20-இல் இருந்ததும் ஸ்னாப்டிராகன்தான். ஊருக்கடி உபதேசம் என்பது இதுதான். தன் வீட்டார் உண்ணாத பண்டத்தை விருந்தினருக்குப் பரிமாறினார்கள் என்று ஐரோப்பியப் பயனர்கள் கொதித்து விண்ணப்பம் எழுதினார்கள், ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டார்கள். இரண்டு சில்லுகளும் ஒரே வகைக் கடும் சோதனைகளுக்கு உட்பட்டவை, ஒத்த அனுபவத்தையே தருபவை என்பது நிறுவனத்தின் மறுமொழி.

இப்போது மதிப்புரைகளைப் பாருங்கள். நம்மூரில் எழுபதாயிரம் ரூபாய் கொடுத்துக் கைபேசி வாங்குகிறவன் முதலில் தேடி வாசிப்பது, காணொளியாகக் காண்பது எல்லாம் பெரும்பாலும் அமெரிக்கர் எழுதிய, பேசிய மதிப்புரைகளை. அமெரிக்கர் கையில் இருந்தது அமெரிக்கக் கைபேசி. அதன் மின்கலம் இவ்வளவு நேரம் நின்றது, இந்த விளையாட்டு இப்படி ஓடியது என்று அவர் எழுதியது முழுக்க உண்மை. அந்த உண்மை நமக்கு விற்கப்பட்ட கைபேசியைப் பற்றியதன்று. ஒரு பதிப்பின் மதிப்புரையைப் படித்துவிட்டு இன்னொரு பதிப்பை வாங்கிவந்தவனின் நிலை இது. அட்டையும் தலைப்பும் ஒன்று, உள்ளே பாடம் வேறு. சுவடிப் பதிப்பில் பாடபேதம் காட்டாத பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. இங்கே பாடபேதம் இருப்பதே பெரும்பாலான மதிப்புரையாளர்களுக்கு அடிக்குறிப்பு அளவுச் செய்தியாகக் கூட இல்லை. இந்தியாவில் எழுதிய சிலர் எக்ஸினோஸ் கைபேசியையே சோதித்து நேர்மையாகச் சொன்னார்கள். அவர்களின் குரல் பந்தலுக்கு வெளியே நின்றவர்களின் குரலாக இருந்தது. ஆப்பிளா சாம்சங்கா என்று கட்சி கட்டியவர்கள் கவனிக்கத் தவறிய உண்மையான ஓரச்சார்பு இதுதான்: எந்த நாட்டின் கைபேசி ‘அந்தக் கைபேசி’யாக எண்ணப்படுகிறது என்பது.

அமெரிக்கத் தளங்களில் ஒன்று மட்டும் வேறு விதமாக நடந்துகொண்டதைச் சொல்லாமல் விட்டால் நான் பழி தீர்க்கிறவன் ஆவேன். ஆனந்த்டெக். 1997-இல் தொடங்கிய அந்தத் தளம், 2020 ஏப்ரலில் எக்ஸினோஸ் கைபேசியையும் ஸ்னாப்டிராகன் கைபேசியையும் அருகருகே வைத்து நீண்ட சோதனை ஒன்றை வெளியிட்டது. வேகத்திலும் மின் சிக்கனத்திலும் எக்ஸினோஸ் பின்தங்கியிருப்பதை அளந்து காட்டியது. அதன் நிறுவனர் 2014-இலேயே தளத்தை விட்டு விலகி ஆப்பிளில் சேர்ந்தவர் என்பதைக் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த அட்டவணைகளைப் பொறுமையாக வாசித்தவர்களுக்கு அந்த ஐயம் வராது. அங்கே உரிச்சொற்களைவிட எண்கள் அதிகம். அந்தத் தளம் 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. சிற்றிதழ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

அளக்கிறவர்கள் நின்றுபோக, வியக்கிறவர்கள் பெருகுவது எப்படி? ‘மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்’ என்ற அறிவிப்பை நம் இதழ்களில் எவ்வளவு பார்த்திருக்கிறோம்! அங்கே இரண்டு பிரதி. இங்கே வெளியீட்டுக்கு முன்பே கைக்கு வரும் ஒரு கைபேசி, வெளியீட்டு விழாவுக்கு ஓர் அழைப்பு, இன்ன நாள் இன்ன மணிக்கு முன் வெளியிடாதே என்றொரு நிபந்தனை. இதைக் கையூட்டு என்று நான் சொல்லவில்லை. கையூட்டு என்றால் கண்டுபிடிப்பது எளிது. அடுத்த முறை அழைப்பு வராமல் போய்விடக் கூடாதே என்ற மெல்லிய கூச்சம் அது. நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்த எவருக்கும் அந்தக் கூச்சத்தின் சுவை தெரியும். எனக்கும் தெரியும்.

உருபு மயக்கத்துக்கு இன்னொரு கிளையும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மே மாதம் அமெரிக்க அரசு விதியை இறுக்கியதால், டிஎஸ்எம்சி அவ்வாண்டு செப்டம்பர் நடுவோடு ஹுவாவேக்குச் சில்லு அனுப்புவதை நிறுத்தியது. இங்கே ‘கிடைக்கவில்லை’ என்பதும் பொய், ‘முடியவில்லை’ என்பதும் பொய். ‘கிடைக்காமல் செய்தார்கள்’ என்னும் பிறவினைதான் மெய். 2023 ஆகஸ்ட் இறுதியில் அந்த நிறுவனம் மேட் 60 ப்ரோவை ஆரவாரமின்றிக் கடையில் வைத்தது. பிரித்துப் பார்த்த டெக்இன்சைட்ஸ், உள்ளே சீனத்தின் எஸ்எம்ஐசி ஆலையில் 7 நானோமீட்டர் முறையில் வார்த்த சில்லு இருப்பதாகச் சொன்னது. ஒரு கரையில் இது விதி மீறலா என்ற விசாரணை. மறுகரையில் வெற்றி முரசு. கைபேசி எப்படி வேலை செய்கிறது என்ற பழைய கேள்வியை இரு கரையிலும் வெகு சிலரே கேட்டார்கள்.

தட்டுப்பாட்டின் உள்விவகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021-இல் அதிகம் கிடைக்காமல் போனவை தலைப்புகளில் மின்னும் 5 நானோமீட்டர் அதிசயங்கள் அல்ல. மின்சாரத்தைப் பங்கிடும் சில்லு, திரையை இயக்கும் சில்லு போன்ற, பழைய முறையில் வார்க்கப்படும் மலிவுப் பொருள்கள்தாம். இலாபம் குறைவு என்பதால் அவற்றுக்கென்று புதிய ஆலை கட்ட முதலாளிகள் முந்துவதில்லை. கடையாணி இல்லாத தேர் என்று நாம் சொல்வது இதைத்தான். தட்டுப்பாடு வந்தபோது ஆப்பிள் தன் ஐபேடுக்கான பாகங்களை ஐஃபோனுக்குத் திருப்பிவிட்டதாக அந்த நவம்பரில் நிக்கேய் எழுதியது. அப்படித் திருப்பிவிட வேறு சரக்கு வைத்திராதவர்களின் கதி வேறு. ஜியோஃபோன் நெக்ஸ்ட் 2021 செப்டம்பர் 10 அன்று வரவேண்டியது. சில்லுத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டித் தீபாவளிக்குத் தள்ளினார்கள். வந்தபோது விலை 6,499 ரூபாய். பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் வீட்டில் ஒரே கைபேசியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு படித்த காலம் அது. என் மாணவர்களில் பலர் அண்ணன் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை காத்திருந்து இரவில் பாடம் கேட்டவர்கள். 6,499 ரூபாய்க் கைபேசியின் தாமதத்துக்கு அனுதாபக் கட்டுரை எழுதியவர் எவரும் என் கண்ணில் படவில்லை.

ஆசிரியர் அறையில் இதையெல்லாம் நான் சொல்லிமுடித்தபோது இருவரும் அமைதியாக இருந்தார்கள். பிறகு சாம்சங்காரர், “அப்ப நீங்க யார் கட்சி சார்?” என்றார்.

அவரிடம் ஒரு செய்தியைச் சொன்னேன், நம்மூர்ச் செய்தி. தட்டுப்பாட்டுக் கதை உச்சத்தில் இருந்த அதே 2021 திசம்பரில், ஐஃபோனைப் பூட்டித் தரும் திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலை நின்றது. சில்லு வராததால் அன்று. விடுதி உணவு நஞ்சாகி 250-க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடன் வேலை செய்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அதன் பிறகே விடுதிகளின் நிலை வெளியே தெரிந்தது. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்ததாக அறிவித்தது. அந்நாளில் நான் வாசித்த வணிகச் செய்திகளில் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து வந்தன. உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஐஃபோன் வரத்துக்குப் பெரிய பாதிப்பு இராது. முதல் வாக்கியம் செயப்பாட்டுவினை. நிறுத்தியது யார் என்று அதில் இல்லை. 2022 சனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது.